துட்டி வீட்டில் மைக்

டீச்சரிடம் கேளுங்கள்: இரங்கல் கூட்டத்தில் பேசுவது பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில். பதில் எழுதுபவர் பாளையங்கோட்டையில் 34 ஆண்டுகள் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர்.

கோவில்பட்டி வாசகர்: அப்பா பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். தவறிப் பத்து மாதம் ஆகிறது. பதினாறாம் நாள் படத்திறப்பில் என்னைப் பேசச் சொன்னார்கள். தொண்டை அடைத்து உட்கார்ந்துவிட்டேன். வருஷ நினைவுக்கு மறுபடி பேசச் சொல்கிறார்கள். அப்பா குடிப்பார், அம்மாவை அடித்தும் இருக்கிறார். கடைசி ஆறு வருஷம் குடியை விட்டிருந்தார். அன்றைக்கு எல்லாரும் "மாசற்ற மனிதர்" என்று பேசியபோது அம்மா தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் என்ன பேசுவது?

தம்பி, அம்மா தலை குனிந்ததை மேடையில் இருந்தவர்கள் துக்கம் என்று நினைத்திருப்பார்கள். அது என்னவென்று தெரிந்த ஆள் அந்தப் பந்தலில் நீங்கள் ஒருவர்தான். அதனால் நீங்கள் பேசத்தான் வேண்டும்.

"மாசற்ற" என்ற சொல்லை மட்டும் வாயில் எடுக்காதீர்கள். அதே சமயம் குடித்ததையும் அடித்ததையும் மைக்கில் சொல்லாதீர்கள். அடி வாங்கியது அம்மா. அதைச் சொல்வதா, மூடி வைப்பதா என்பது அவர்கள் பாடு. மகன் முந்திக்கொண்டு நாலு பேர் நடுவில் அவிழ்த்து வைக்கக் கூடாது.

பிறகு என்னதான் பேசுவது என்றால், ஒரு பாட்டைச் சொல்கிறேன். புறநானூறு 235. அதியமான் நெடுமான் அஞ்சி இறந்த பிறகு ஔவையார் பாடியது. தொடங்குவதே கள்ளில்தான். கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்குத் தந்துவிடுவான். நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட, தானும் சேர்ந்து மகிழ்ந்து குடிப்பான். கொஞ்சம் சோறானாலும் பல கலத்தில் பங்கு வைப்பான், நிறையச் சோறானாலும் அப்படித்தான். எலும்பும் கறியும் கிடைக்கிற இடமெல்லாம் எங்களுக்கு. அம்பும் வேலும் பாய்கிற இடமெல்லாம் தனக்கு. பிறகு வருகிறது பாருங்கள்: "நரந்தம் நாறும் தன் கையால் புலவு நாறும் என் தலை தைவரும் மன்னே." நரந்தம் மணக்கிற கையால், புலால் வாடை அடிக்கிற என் தலையைத் தடவிக் கொடுப்பான்.

ஒவ்வொன்றும் "மன்னே" என்று முடிகிறது. மன் என்ற இடைச்சொல்லுக்குத் தொல்காப்பியம் மூன்று பொருள் சொல்லும்: கழிவு, ஆக்கம், ஒழியிசை. இங்கே கழிவு. தருவான், இப்போது இல்லை. குடிப்பான், இப்போது இல்லை. தடவுவான், இப்போது இல்லை. வகுப்பில் இதைச் சொல்லும்போது ஒவ்வொரு "மன்னே"க்கும் மேஜையில் ஒரு தட்டுத் தட்டுவேன். நாலாவது தட்டில் பின் பெஞ்சுப் பையன்களும் அடங்கிவிடுவார்கள்.

இந்த "மன்னே" அடிகளில் வீரன், வள்ளல், மாமனிதன் என்று ஒரு பட்டமாவது இருக்கிறதா? பட்டமெல்லாம் ஊர் கொடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு, தன் தலைமேல் பட்ட கையை மட்டும் ஔவை எடுத்துக்கொண்டாள். (கள்ளையே முதலடியில் வைத்துவிட்டாளே என்று நீங்கள் கேட்கலாம். அது பகிர்ந்து குடித்த கள். உங்கள் வீட்டில் நடந்தது வேறு. ஒன்றோடு ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

உங்கள் அப்பாவின் கை எப்படி இருக்கும்? அத்தனை வருஷம் ஸ்டீயரிங் பிடித்த கையில் எந்த இடத்தில் காய்ப்பு இருந்தது? நைட் ஹால்ட் முடிந்து காலையில் வருகிறவர் பையில் என்ன இருக்கும்? காக்கிச் சட்டையை யார் துவைத்தது? ஓய்வு பெற்ற பிறகு மற்றவர் ஓட்டுகிற பஸ்ஸில் போனால் எந்த சீட்டில் உட்காருவார்? என் பெரியப்பாவும் டிரைவர்தான். பயணியாகப் போகும்போதும் திருப்பத்தில் அவர் வலது கால் தரையை அழுத்தும். உங்களுக்கும் இப்படி ஏதாவது இருக்கும். இரண்டு போதும், மூன்றாவது வேண்டாம்.

கடைசியாக ஒன்று. மேலப்பாளையத்தில் ஜனாஸா தொழுகைக்கு முன்னால் மகனோ தம்பியோ எழுந்து நின்று, "வாப்பா யாருக்காவது கடன் குடுக்க வேண்டியிருந்தா எங்கிட்ட வாங்க. யாரையும் மனசு நோகப் பேசியிருந்தா மன்னிச்சிருங்க" என்று சொல்வார்கள். என் வீட்டுக்காரர் முதல் தடவை போய்க் கேட்டுவிட்டு வந்து அன்று ராத்திரி முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தார். மொத்தமே இரண்டு வாக்கியம். நீங்களும் கேட்கலாம்: "அப்பா யாருக்காவது தீங்கு செஞ்சிருந்தா, அவருக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கிடுதேன்." பேர் சொல்லாதீர்கள், முன்வரிசைப் பக்கம் திரும்பாதீர்கள். கேட்க வேண்டியவர்களுக்குக் கேட்கும். ஆனால் முதல் நாளே அம்மாவிடம் இதைச் சொல்லிச் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். "வேண்டாம்ல" என்றால் விட்டுவிடுங்கள்.

தூத்துக்குடி வாசகர்: "ஈடு செய்ய முடியாத இழப்பு", "ஆன்மா சாந்தியடையட்டும்", வாட்ஸ்அப்பில் வரும் "ஆர்ஐபி". இவற்றில் எது சரி?

ஆர்ஐபி போடுகிறவர்களுக்கு "ஆழ்ந்த இரங்கல்" என்று எழுத எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது?

மற்றவற்றில் சரி, தப்பு என்பது வீட்டைப் பொறுத்தது. சைவ வீட்டில் சிவபதவி அடைந்தார். வைணவ வீட்டில் பரமபதித்தார். சி.எஸ்.ஐ. வீட்டில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். முஸ்லிம் வீட்டில் வஃபாத்தானார். பெரியார் தொண்டர் வீட்டில் இயற்கை எய்தினார். எங்கள் தெருவில் ஒரு கருப்புச் சட்டைத் தாத்தா இருந்தார். திதி, தெவசம் எதுவும் கூடாது என்று எழுதி வைத்துவிட்டுப் போனவர். அவர் படத்துக்கு முன்னால் ஒருவர் "அன்னாரது ஆன்மா இறைவனடி நிழலில் இளைப்பாற" என்று ஆரம்பித்தார். தாத்தாவின் மனைவி சத்தமாகவே சொன்னார்கள்: "அவுக அங்கெல்லாம் போவ மாட்டாவ." எனக்குத் தெரிந்து சிரிப்போடு நடந்த இரங்கல் கூட்டம் அது ஒன்றுதான்.

"ஈடு செய்ய முடியாத இழப்பு" பொய் இல்லை. ஆனால் பெயரை மாற்றி எந்தப் பந்தலிலும் சொல்லலாம், அதுதான் அதில் உள்ள கோளாறு. நல்ல வரிக்கும் அந்த கதி வரும். 1969 பிப்ரவரியில் அண்ணா மறைந்தபோது கலைஞர் வானொலியில் படித்த கவிதாஞ்சலியைப் பக்கத்து வீட்டு ரேடியோவில் கேட்டேன். எனக்குப் பதினைந்து வயது. அண்ணனின் இதயத்தை இரவலாகக் கேட்டது அவருக்குப் பொருந்தியது. அதற்கப்புறம் பத்து வருஷம் எங்கள் பக்கத்தில் பஞ்சாயத்துத் தலைவர் செத்தாலும் இதயத்தை இரவல் கேட்டார்கள், பால் சொசைட்டித் தலைவர் செத்தாலும் இதயத்தை இரவல் கேட்டார்கள்.

திருநெல்வேலி டவுன் வாசகி: எத்தனையோ கூட்டங்களில் பேசியிருப்பீர்கள். ஏன் பேசினோம் என்று வருந்தியது உண்டா டீச்சர்?

உண்டு. இதுவரை எங்கும் எழுதியதில்லை.

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு கணக்கு சார். பெயர் வேண்டாம். 2009-இல் மாரடைப்பில் போய்விட்டார். பதினாறாம் நாள் வீட்டு வாசலிலேயே பந்தல் போட்டுப் படத்திறப்பு. எனக்கு முன்னால் மூன்று பேர் பேசினார்கள். மூன்று பேரும் எளிமை, நேர்மை, கடமை. என்னிடம் இவர்கள் யாருக்கும் தெரியாத ஒன்று இருந்தது. அதைச் சொன்னால் கூட்டம் நிமிர்ந்து உட்காரும் என்று எனக்குத் தெரியும். ஆசை யாரை விட்டது?

ஸ்டாஃப் ரூமில் நான் குலுக்குச் சீட்டு நடத்தினேன். இருபது பேர், மாதம் 500 ரூபாய். 2001 ஜூன் மாதம் சாருக்குச் சீட்டு விழுந்தது. பத்தாயிரத்தையும் எண்ணிக் கொடுத்தேன். வராந்தாவில் ஒரு பையன் நின்றுகொண்டிருந்தான், அந்த வருஷம் பத்தாவது முடித்தவன். ரூபாயைப் பிரிக்காமல் அப்படியே அவன் கையில் கொடுத்தார், பாலிடெக்னிக்கில் சேர. நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும், "யார்ட்டயும் சொல்லாண்டாம் டீச்சர்" என்றார். தன்னடக்கம் என்று நினைத்தேன். எட்டு வருஷம் காப்பாற்றி வைத்திருந்து, அன்றைக்கு மைக்கில் சொன்னேன். கொஞ்சம் ஏற்ற இறக்கத்தோடுதான் சொன்னேன், தமிழாசிரியை இல்லையா! கூட்டம் நிமிர்ந்தது. அந்தப் பையன் இப்போது ஓசூரில் நல்ல வேலையில் இருக்கிறான் என்று முடித்தபோது ஒரு அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பேசி முடித்து இறங்கியதும் சாரின் மனைவி என்னைக் கை காட்டி அடுக்களைப் பக்கம் கூப்பிட்டார்கள். அழுவார்கள், கையைப் பிடித்துக்கொள்வார்கள் என்று போனேன். அழவில்லை. "அந்த வருஷந்தான் டீச்சர் மூத்தவளக் காலேசுல சேக்கத் துட்டு இல்லன்னு ஜவுளிக்கடைக்கு வேலைக்கு அனுப்புனோம். சீட்டு இன்னும் விழலன்னுல்லா சொன்னாவ."

மூத்தவள் அங்கேதான் நின்றாள். காப்பி டம்ளர்களைக் கழுவி ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். பந்தலில் ஸ்பீக்கரை அடுக்களை ஜன்னலுக்கு நேராகத்தான் கட்டியிருந்தார்கள். அவள் திரும்பவில்லை, அடுக்குவதையும் நிறுத்தவில்லை.

ஒரு மாதம் கழித்து மறுபடி போனேன். என்ன சொல்ல என்று தெரியாமல், அந்த வருஷத்துச் சீட்டு நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். இன்று நினைத்தால் அது என்ன புத்தியோ. அந்த அம்மா ஜூன் மாதப் பக்கத்தை அவர்களே தேடி எடுத்தார்கள். தாள் திருத்துகிற சிவப்புப் பேனாவால்தான் சார் கையெழுத்துப் போட்டிருந்தார். அதன்மேல் விரலை வைத்து, "அவுக கையெழுத்துதான்" என்றார்கள். பிறகு, "இது இங்க இருக்கட்டுமா?" என்று கேட்டார்கள். கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். மூத்தவளைச் சில சமயம் மார்க்கெட்டில் பார்ப்பேன். அவள் என்னைப் பார்ப்பதில்லை.

சார் செய்தது தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. சரி என்று அந்த அடுக்களையில் நின்று சொல்லவும் முடியவில்லை. அதை மைக்கில் சொல்ல நான் யார் என்பதுதான் எனக்கு மிஞ்சிய கேள்வி. அன்றிலிருந்து எந்த வீட்டுக் கூட்டமானாலும் முன்னாலேயே போன் போட்டு, இன்ன விஷயம் சொல்லப் போகிறேன், சொல்லலாமா என்று கேட்டுவிடுகிறேன். இரண்டு வீட்டில் வேண்டாம் என்றார்கள். இரண்டும் வெளியிலிருந்து பார்த்தால் பெருமைப்பட வேண்டிய சங்கதிகள்தான்.

சங்கரன்கோவில் வாசகி: எங்கள் ஊரில் சுடுகாட்டில்தான் இரங்கல் பேச்சு. பெண்கள் அங்கே போகக் கூடாது. என் மாமியாரோடு இருபத்திரண்டு வருஷம் ஒரே அடுப்பில் சமைத்தவள் நான். அவர்களைப் பற்றி உள்ளூர்க் கட்சிக்காரர்கள் ஆறு பேர் பேசினார்களாம். எனக்கு அதில் இடம் இல்லையா?

அந்த ஆறு பேரில் யாராவது உங்கள் மாமியார் கையால் ஒரு வாய் சாப்பிட்டிருப்பார்களா?

சாவு வீட்டில் முதல் பேச்சு எப்போதுமே பெண்களுடையது. ஒப்பாரியைத்தான் சொல்கிறேன். ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, செத்தவரை நேரே கூப்பிட்டுப் பேசுவது. ஆண்கள் மைக்கைப் பிடித்துக்கொண்டு "அன்னார்" என்பார்கள். ஒப்பாரியில் "அன்னார்" கிடையாது. "என்னப் பெத்த அம்மா"தான். அதில் புகழும் வரும், கணக்கும் வரும். அடகு வைத்து மீட்காத வளையல், மருந்துக்குக் காசு தராத மகன், சொல்லாமல் எழுதி வாங்கிய வயல் எல்லாவற்றையும் ஒப்பாரியில் கேட்டிருக்கிறேன். சம்பந்தப்பட்ட ஆண்பிள்ளைகள் அந்த நேரம் பார்த்துப் பந்தல் கம்பு சரியாக நிற்கிறதா என்று பார்க்கப் போய்விடுவார்கள்.

இப்போது ஒப்பாரிக்கும் ஆள் குறைந்துவிட்டது. ஐஸ் பெட்டி மோட்டார் சத்தத்துக்கு மேல் யார் பாடுவது? ஆனால் இடம் இருக்கிறது. நீர்மாலைக்கு, அதாவது இறந்தவரைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்கப் போனவர்கள் திரும்பி வருகிற வரைக்கும் வீட்டில் பெரும்பாலும் பெண்கள்தான். என் ஆச்சி இறந்தபோது என் மைனி அந்த நேரத்தில் எழுந்து நின்று பேசினாள். ஆச்சி ஒரு நாள் கூட அவள் வைத்த ரசத்தை நல்லாயிருக்கு என்று சொன்னதில்லை, ஆனால் கடைசி மூன்று மாதம் வேறு யார் வைத்த ரசத்தையும் குடிக்கவில்லை. இவ்வளவுதான் பேச்சு. பெரியவர்களிடம் அனுமதி கேட்கவில்லை, கேட்டிருந்தால் யோசித்திருப்பார்கள். உங்களுக்குப் படத்திறப்பும் இருக்கிறது, வருஷமும் இருக்கிறது. அங்கே சுடுகாட்டுச் சட்டம் செல்லாது.

யாழ்ப்பாண வாசகர்: எங்களிடம் 31ஆம் நாள் அந்தியேட்டிக்குக் "கல்வெட்டு" என்று ஒரு நினைவு மலர் அச்சிட்டுக் கொடுப்போம். உங்கள் பக்கம் அப்படி உண்டா?

எங்கள் பக்கம் இருப்பதெல்லாம் போஸ்டரும் பேப்பரில் போடுகிற கண்ணீர் அஞ்சலி விளம்பரமும்தான். எப்போதாவது வசதியுள்ள வீட்டில் ஒரு சின்ன மலர் போடுவார்கள். உங்கள் கல்வெட்டு ஒன்று தோழி ஒருத்தி மூலம் என் கைக்கு வந்தது. திதி வெண்பா, தேவாரம், வாழ்க்கைக் குறிப்பு, யாருக்கு யார் என்ன முறை என்று குடும்ப விளக்கம், பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல். குறை ஒன்று சொல்லவா? மனைவியும் மருமகனும் ஒரே சந்தத்தில் ஒரே எதுகையில் புலம்புகிறார்கள். எழுதிக் கொடுத்த புலவர் ஒருவர்தான் போலிருக்கிறது.

ஆனால் அந்தக் குடும்ப விளக்கத்துக்காக எதையும் மன்னிக்கலாம். ஊரை விட்டு, நாட்டை விட்டு ஆளுக்கொரு திசையில் போன குடும்பத்துக்கு அதுதான் சொந்தம் அறிகிற சீட்டு. பாளையங்கோட்டை சி.எஸ்.ஐ. கோவில்களில் அடக்க ஆராதனையின்போது வாழ்க்கைக் குறிப்பு என்று ஒன்று வாசிப்பார்கள். பிறந்த ஊர், படித்த பள்ளி, மணமான ஆண்டு, பிள்ளைகள். அலங்காரம் இருக்காது. கேட்டு முடித்தால் ஒரு ஆளைத் தெரிந்துகொண்டது போல இருக்கும். உங்கள் கல்வெட்டின் அந்த இரண்டு பக்கமும் அப்படித்தான் இருந்தது.

தென்காசி வாசகர்: எவ்வளவு நேரம் பேசலாம்?

மூன்று நிமிஷம். சுடுகாட்டில் என்றால் ஒன்று. வெயிலில் நிற்கிற மகன் தலை மழித்து, காலில் செருப்பில்லாமல் நிற்கிறான் என்பதைப் பேசுகிறவர் ஒரு தடவை குனிந்து பார்த்தால் போதும்.

அம்பாசமுத்திரம் வாசகி: எழுதி வைத்துப் படித்தால் கேவலமாக இருக்குமா?

இருக்காது. அழுகை வந்தால் தாள்தான் கைகொடுக்கும். பெரிய எழுத்தில், வரிக்கு வரி இடம் விட்டு, ஒரு பக்கம் மட்டும் எழுதுங்கள். இறந்தவர் பெயர், பிள்ளைகள் பெயர் எல்லாவற்றையும் தாளில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் சொந்த அண்ணன் பெயரே மறந்துபோகும். மெல்லிசான தாள் வேண்டாம், கல்யாணப் பத்திரிகை அட்டையின் பின்பக்கம் நல்லது. பந்தலில் பெடஸ்டல் ஃபேன் சுற்றும். எங்கள் தெருவில் ஒருவருடைய தாள் பறந்துபோய்க் குத்துவிளக்கில் விழுந்து பிடித்துக்கொண்டது. அவர் அதை மிதித்து அணைத்துவிட்டு மீதியை மனப்பாடமாகப் பேசினார். முதல் பாதியைவிட அதுதான் நன்றாக இருந்தது. அதற்காக ஃபேனை நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள். மே மாதம் என்றால் கூட்டம் எழுந்து போய்விடும்.